கொடைக்கானல் மேடும் திண்டுக்கல் சமவெளியும்: எழுந்தது மலையா, தேய்ந்தது நிலமா?

2024 செப்டம்பரில் கொடைக்கானல் மேல்மலையில், கிளாவரை அருகே காட்டுக்குள் ஏறக்குறைய 300 அடி நீளத்துக்கு நிலம் பிளந்து கிடப்பதாகச் செய்தி வந்தது. பூகம்பமாக இருக்குமோ என்ற பயம் மலைக் கிராமங்களில் எழுந்தது. அந்த ஒரு விரிசலை ஆராய்வது இங்கே நோக்கமில்லை. அதுபோன்ற செய்தி வரும்போதெல்லாம் கூடவே கிளம்பும் நம்பிக்கைகள் சில உண்டு. பழனி மலை இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது, அதன் அடிவாரத்தில் பெரிய பிளவு ஓடுகிறது, சிறுமலை ஒரு காலத்தில் எரிமலை என்றெல்லாம் திண்டுக்கல் பக்கம் பலர் உறுதியாகச் சொல்வார்கள். இவற்றில் சில பொய், சில அரை உண்மை. எது எது என்று பிரித்துப் பார்க்கத் தேவையான சான்று நம் கண்ணெதிரேதான் இருக்கிறது. மேலே கொடைக்கானலின் மேட்டுத்தளமும் கீழே திண்டுக்கல்லின் சமவெளியும்தான் அந்தச் சான்று.

மழையும் வெயிலும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகள் பாறையைத் தேய்த்துச் சமமாக்கிய தரையை நிலவியலில் அரிப்புத் தளம் என்கிறார்கள். ஒரு காலத்தில் ஒரே சீராக இருந்த அப்படிப்பட்ட தளம் இன்று உடைந்தோ சாய்ந்தோ வெவ்வேறு உயரத்தில் கிடந்தால், நிலம் எவ்வளவு நகர்ந்தது, எங்கே முறிந்தது என்பதை அளந்துவிடலாம். உலகம் முழுவதும் அண்மைக்கால மலை உயர்ச்சியையும் நிலப்பிளவுகளின் நகர்வையும் அறிய இந்த முறையைக் கையாள்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் எல்லா மேட்டுத்தளத்துக்கும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தினால் தப்பான விடைதான் வரும். திண்டுக்கல் வட்டாரத்தில் நிலவும் தவறான நம்பிக்கைகளில் பாதி அப்படி வந்தவை.

“இந்தச் சமவெளி ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண்”

தஞ்சாவூருக்கு இது பொருந்தும். திண்டுக்கல்லுக்குப் பொருந்தாது.

ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் பக்கம் உள்ள ஏதாவது ஒரு திறந்தவெளிக் கிணற்றின் ஓரம் நின்று உள்ளே எட்டிப் பாருங்கள். மேலே ஒன்றிரண்டு அடி செம்மண். அதன் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான். அதற்கும் கீழே மக்கின பாறை. தூரத்திலிருந்து பார்த்தால் அது பாறை மாதிரியே தெரியும். கறுப்பும் வெளுப்புமாகப் பாறையில் ஓடும் வரிகள்கூட அப்படியே இருக்கும். கையால் பிடித்தால் பொலபொலவென்று உதிரும். அந்த மக்கலுக்கு நடுவே மக்காமல் தப்பிய உருண்டைக் கற்கள் அங்கங்கே துருத்திக்கொண்டு நிற்கும். இன்னும் கீழே போனால் கடப்பாறை ஏறாத கெட்டிப் பாறை. அதற்கப்புறம் வெடி வைத்தால்தான் வேலை நடக்கும். தண்ணீர் ஊறுவது அந்தப் பாறையின் வெடிப்புகளிலிருந்து. சில இடங்களில் பத்தடியிலேயே பாறை தட்டிவிடும்.

இதில் ஆறு கொண்டுவந்து சேர்த்தது எதுவும் இல்லை. மேலே உள்ள செம்மண் அடியில் கிடக்கும் பாறையே மக்கி ஆன மண். திண்டுக்கல் சமவெளி என்பது பாறையைச் செதுக்கி எடுத்த தரை. அதன்மேல் மெல்லிய மண் போர்வை, அவ்வளவுதான். குடகனாறும் மருதாநதியும் தம் கரையோரத்தில் கொஞ்சம் வண்டல் சேர்த்திருக்கின்றன. மற்றபடி இந்த வட்டாரமே காவிரி வடிநிலத்துக்கும் வைகை வடிநிலத்துக்கும் நடுவில் கிடக்கும் நீர்ப்பிரிமேடு. குடகனாறு வடக்கே போய் அமராவதியில் சேர்கிறது. மருதாநதியும் மஞ்சளாறும் வைகைக்குப் போகின்றன. தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடும் மேட்டில் வண்டல் எப்படிக் குவியும்?

ஜெர்மானியப் புவிவடிவியல் அறிஞர் யூலியஸ் ப்யூடெல் தமிழ்நாட்டுச் சமவெளியை உலகுக்கே எடுத்துக்காட்டாக முன்வைத்தார். 1957இல் அவர் வெளியிட்ட இரட்டைத் தளக் கோட்பாடு இதுதான். வெப்பமும் பருவமழையும் உள்ள நாட்டில் சமவெளிக்கு ஒரே நேரத்தில் இரண்டு தளங்கள் உண்டு. ஒன்று நாம் நடக்கும் தரை. மழைநீர் அதன்மேல் தகடாகப் பரவி ஓடி மண்ணைக் கழுவிக்கொண்டு போகிறது. இன்னொன்று செம்மண்ணுக்கு அடியில், ஈரம் பாறையை மக்கவைக்கும் எல்லை. மேல்தளம் கழுவப்படக் கழுவப்பட, கீழ்த்தளம் பாறைக்குள் இறங்குகிறது. இப்படி நிலம் சமமாக இருந்துகொண்டே தாழ்ந்துகொண்டும் போகிறது. எங்கே பாறை கெட்டியாகவும் வெடிப்பு குறைவாகவும் இருக்கிறதோ, அந்த இடம் மட்டும் மக்காமல் தனிக் குன்றாக நின்றுவிடுகிறது.

திண்டுக்கல் கோட்டைப் பாறை அப்படி நின்றதுதான். 1605இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் அதன்மேல் கோட்டை கட்டத் தொடங்குவதற்குப் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே சுற்றிலும் இருந்த நிலம் தாழ்ந்து அந்தப் பாறையைத் தனியே விட்டுவிட்டது. கரூர் சாலையில் தெரியும் ரங்கமலையும் பழனியின் தண்டாயுதபாணி மலையும் பக்கத்தில் உள்ள இடும்பன் மலையும் இதே வகைதான். இடும்பன் இரண்டு குன்றுகளைக் காவடியாகச் சுமந்து வந்து இறக்கி வைத்தான் என்பது காவடி எடுக்கும் லட்சக்கணக்கான பேரின் பக்தி. அதை நிலவியலோடு மோதவிட வேண்டியதில்லை. சமவெளியில் இரண்டு குன்றுகள் மட்டும் ஏன் தனித்து நிற்கின்றன என்று நம் முன்னோரும் வியந்து பார்த்திருக்கிறார்கள் என்பதை அந்தக் கதை காட்டுகிறது.

இந்தச் சமவெளியைப் பற்றி ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கடல் மட்டத்துக்குச் சுமார் 280 மீட்டர் உயரத்தில், இன்றைக்கும் நிலம் தேய்ந்து சமமாகிக்கொண்டிருக்கிறது. பின்னால் வரும் பேச்சுக்கெல்லாம் இதுதான் அடிப்படை.

“சிறுமலையும் கோட்டைப் பாறையும் எரிமலை கக்கியவை”

கறுத்து வழுவழுவென்று நிற்கும் பாறையைப் பார்த்தால் உருகி வழிந்து உறைந்தது போலத் தோன்றுவது இயல்பே. இருந்தாலும் இங்கே எரிமலை வாயும் இல்லை, லாவாவும் இல்லை. சாம்பல் படிவும் கிடையாது. இந்த வட்டாரத்துப் பாறைகள் பெரும்பாலும் சார்னோக்கைட்டும் நைஸும். சார்னோக்கைட் என்ற பெயரை 1893இல் வைத்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் சென்னைப் பகுதியிலிருந்து போன இதே வகைக் கல் என்று கண்டு, சார்னாக்கின் பெயரையே பாறைக்குச் சூட்டினார்.

இந்தப் பாறைகள் இன்றைய நிலையை அடைந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில். கொடைக்கானல் மலைச்சாலை தொடங்கும் பக்கத்தில் கெங்குவார்பட்டி என்ற ஊர் இருக்கிறது. பேருந்தில் போகிறவர்கள் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். பாறையியல் படிப்பவர்களுக்கு அந்தப் பெயர் உலக அளவில் தெரியும். அங்கே கிடைக்கும் சஃபிரின் என்ற கனிமம், 900 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் அந்தப் பாறை வெந்ததற்குச் சாட்சி. அவ்வளவு ஆழத்தில் வெந்த பாறை இன்று வெயிலில் கிடக்கிறது என்றால், அதற்கு மேலே இருந்த இருபது கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை தேய்ந்தும் அகன்றும் போய்விட்டது என்று அர்த்தம். எரிமலை கக்கிச் சேர்த்த நிலம் அல்ல இது. மேலிருந்தது போகப் போக அடியிலிருந்தது வெளியே வந்த நிலம்.

“மேலே சமதளம் இருந்தால் அது கீழிருந்து தூக்கப்பட்டது”

படித்தவர்களும் பாடப்புத்தகங்களும் சேர்ந்து வளர்த்த நம்பிக்கை இது. அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

திண்டுக்கல்லிலிருந்து மேற்கே பார்த்தால் பழனி மலை படிப்படியாகத் தெரியும். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர் எல்லாம் 1,000 முதல் 1,500 மீட்டர் உயரத்தில் கிடக்கின்றன. காப்பியும் மலைவாழையும் விளையும் தட்டு அது. கிழக்கே சிறுமலையின் மேல்தட்டும் ஏறத்தாழ அதே உயரம்தான். மேற்கே கொடைக்கானல் 2,100 மீட்டர். அங்குள்ள சூரிய ஆய்வகம் 2,343 மீட்டரில் இருக்கிறது. கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர் போகிறவர்களுக்குத் தெரியும், அங்கே மலையில் இருக்கிறோம் என்ற நினைப்பே வராது. மெல்ல ஏறி இறங்கும் புல்வெளி, அகன்ற ஆழமில்லாத பள்ளத்தாக்குகள், நிதானமாக வளைந்து போகும் ஓடைகள். ஏழாயிரம் அடி உயரத்தில் ஒரு பழைய சமவெளி.

கொடைக்கானல் ஏரியே இதற்குச் சாட்சி. அது இயற்கை ஏரி என்று பலர் நினைக்கிறார்கள். 1863இல் வெர் ஹென்றி லெவின்ஜ் ஓடையை மறித்துக் கட்டியது அது. சின்ன அணை ஒன்றில் இவ்வளவு பெரிய ஏரி நின்றதற்குக் காரணம், அந்தப் பள்ளத்தாக்கு பழைய தளத்தின் சாய்வு குறைந்த பள்ளத்தாக்கு என்பதுதான். அதே ஏரியிலிருந்து வெளியேறும் தண்ணீர் சில கிலோமீட்டர் போனதும் வெள்ளி அருவியாகத் தலைகுப்புற விழுகிறது. மேலே சோம்பலாக நடந்த ஓடை தளத்தின் விளிம்பு வந்ததும் பாய்கிறது. மலைச்சாலையில் டம் டம் பாறை பக்கம் நின்றால் எதிரே தெரியும் எலிவால் அருவி என்ற தலையாறு அருவியிலும் இதையே பார்க்கலாம். அங்கே மஞ்சளாறு ஏறக்குறைய 300 மீட்டர் ஒரே வீழ்ச்சியாக இறங்குகிறது. ஆறு இன்னும் அந்த விளிம்பை அரித்துப் பின்னால் தள்ளி முடிக்கவில்லை. பழைய தளமும் புதிய அரிப்பும் சந்திக்கும் கோடு அதுதான்.

இந்தப் படிகளை எப்படிப் புரிந்துகொள்வது? 1889இல் அமெரிக்கர் வில்லியம் மோரிஸ் டேவிஸ் முன்வைத்த கருத்துப்படி, மலை தேய்ந்து தேய்ந்து கடல் மட்டத்தை ஒட்டிய சமவெளியாக முடியும். அதன்படி, மேலே ஒரு சமவெளி கிடந்தால் அது கடல் மட்டத்தை ஒட்டி உருவாகிப் பிறகு தூக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்று படி இருந்தால் மூன்று முறை தூக்கப்பட்டிருக்க வேண்டும். இலங்கையில் இதையே பார்த்தார்கள். 1929இல் கனடாவின் ஃபிராங்க் ஆடம்ஸ், கடலோரம், நடுத்தட்டு, நுவரெலியாப் பக்கத்து உச்சித்தட்டு என மூன்று அரிப்புத் தளங்களை அடையாளம் காட்டினார். பிறகு இலங்கை அரசின் கனிமவியலாளராக இருந்த டி. என். வாடியா, 1940களில் அதே மூன்று படிகளுக்கு வேறு விளக்கம் சொன்னார். ஒரே தளம் பிளவுகளால் துண்டுபட்டுத் துண்டு துண்டாக மேலே தூக்கப்பட்டதால் வந்த படிகள் அவை என்றார். ஒரே நிலத்தைப் பார்த்துப் பெரிய அறிஞர்கள் இருவர் இரண்டு விதமாகப் படித்தார்கள். வெறும் உயரத்தையும் வடிவத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

திண்டுக்கல் சமவெளி சொல்வதையும் சேர்த்துப் பாருங்கள். 280 மீட்டர் உயரத்தில் இன்று ஒரு சமவெளி உருவாகிறது என்றால், சமவெளி கடல் மட்டத்தில்தான் பிறக்க வேண்டும் என்ற விதியே அடிபட்டுப் போகிறது. ஆறு எந்த உயரத்தில் அடங்கி ஓடுகிறதோ அந்த உயரத்தில் தளம் உருவாகும். எனவே கொடைக்கானல் தளம் 2,100 மீட்டரில் இருப்பதால் நிலம் 2,100 மீட்டர் எழுந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அது பிறந்தபோதே கணிசமான உயரத்தில் இருந்திருக்கலாம்.

பாறையின் வலிமையையும் கணக்கில் கொள்ள வேண்டும். புவிவடிவியல் ஆய்வாளர் யானி கனெல் தம் சகாவோடு சேர்ந்து 2000இல் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சார்னோக்கைட் பாறை மற்றவற்றைவிட மக்குவதற்கு மிகவும் பிடிவாதமானது என்பதை முன்னிறுத்தியது. நீலகிரி, பழனி மலை, சிறுமலை, சேர்வராயன் என்று உயர்ந்து நிற்கும் மலைகள் பெரும்பாலும் சார்னோக்கைட்டால் ஆனவை. சமவெளியில் நைஸ் அதிகம். ஒன்று வேகமாகத் தேய்ந்து, மற்றது மெதுவாகத் தேய்ந்தால் கோடிக்கணக்கான ஆண்டுகளில் நடுவே ஆயிரம் மீட்டர் வித்தியாசம் வந்துவிடும். எந்தப் பிளவும் தேவையில்லை, எதையும் யாரும் தூக்கவும் வேண்டியதில்லை. என் மதிப்பீட்டில், பழனி மலையின் படிகளுக்கு முதலில் சொல்ல வேண்டிய காரணம் இதுதான். உயர்ச்சியை இதற்குப் பிறகுதான் யோசிக்க வேண்டும்.

உச்சியில் பாக்சைட் கிடைக்கிறதே என்பார்கள். ஆம், கொடைக்கானல் பக்கமும் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் உண்டு. நிறைய மழையும் நல்ல வடிகாலும் உள்ள தரை மிக நீண்ட காலம் அசையாமல் கிடந்தால் பாறையின் மற்ற சத்தெல்லாம் கரைந்துபோய் அலுமினியச் செறிவு மட்டும் மிஞ்சும், அதுதான் பாக்சைட். தளம் மிகப் பழையது என்பதற்கு அது நல்ல சான்று. அந்தத் தளம் தாழ்வான இடத்தில் இருந்தது என்பதற்குச் சான்று ஆகாது.

“நேராக நிற்கும் மலைச்சுவர் என்றால் பிளவு”

வத்தலகுண்டிலிருந்து பார்த்தால் பழனி மலையின் தெற்கு முகம் சுவர் வைத்தது போல நிற்கிறது. செயற்கைக்கோள் படத்தில் மலையோரங்கள் நேர்கோடாகத் தெரிகின்றன. அந்தக் கோடுகளைப் பிளவு என்று சிவப்பு மையில் வரைந்த படங்களும் உலவுகின்றன.

நேர்கோட்டுக்குப் பல காரணம் உண்டு. பாறை வெடிப்புகள் ஒரே திசையில் ஓடலாம். வலிமையான பாறையும் நலிந்த பாறையும் சந்திக்கும் இடமாக இருக்கலாம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் பாறை நசுங்கி இழுபட்ட மண்டலம், பாலக்காடு–காவிரி மண்டலம் போல, இன்று வெளியே தெரியலாம். நசுங்கிய பாறை சீக்கிரம் அரிபடும்; ஆறு அந்தக் கோட்டையே பிடித்துக்கொண்டு ஓடும். ஆகவே கோடு பழையதாக இருக்கும். அதன்மேல் தெரியும் சரிவு மட்டும் பிற்காலத்து அரிப்பு. அண்மையில் நகர்ந்த பிளவு என்று சொல்ல வேண்டுமானால், பிளவின் இரண்டு பக்கமும் ஒரே வயதுள்ள, ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த ஏதாவது ஒன்று விலகிக் கிடப்பதைக் காட்ட வேண்டும்.

அப்படிக் காட்டிய இடங்கள் உண்டு. நம் நாட்டிலேயே மிகத் தெளிவான ஒன்று மேகாலயாவின் ஷில்லாங் மேட்டு நிலம். அங்கே பழைய பாறைத்தளத்தின்மேல் கிரிட்டேசியஸ், இயோசீன் காலத்துக் கடற்படிவுகள் படிந்திருக்கின்றன. சிரபுஞ்சியில் அவை ஆயிரம் மீட்டருக்கும் மேலே தெரிகின்றன. தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி, வங்கதேசச் சமவெளிக்கு அடியில் அதே படிவுகள் ஆழத்தில் புதைந்து கிடக்கின்றன. நடுவே டவுகி பிளவு. தளம், அதன்மேல் படிவு, படிவின் வயது, இரண்டு பக்கமும் உள்ள விலகல் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன. 1897 ஜூன் 12இல் அசாமைப் புரட்டிப்போட்ட பெரும் பூகம்பத்தை அன்றைக்கே ஆர். டி. ஓல்டாம் விரிவாகப் பதிவு செய்தார். 2001இல் ரோஜர் பில்ஹாமும் பிலிப் இங்கிலாந்தும் அந்தக் கால நில அளவைக் கணக்குகளை மறுபடி எடுத்து ஆராய்ந்து, அந்த ஒரே நாளில் மேட்டு நிலத்தின் வடக்கு விளிம்பு குறைந்தது 11 மீட்டர் எழுந்தது என்று காட்டினார்கள். நடு ஆசியாவின் தியான்ஷான் மலையிலும் இதே முறை பயன்பட்டிருக்கிறது. கிர்கிஸ்தானில் பழைய அரிப்புத் தளம் ஒன்று பிற்காலப் படிவுகளுக்கு அடியில் புதைந்து, மலை எழுந்தபோது மறுபடி வெளிப்பட்டு, சாய்ந்தும் மடிந்தும் முறிந்தும் கிடக்கிறது. எங்கே எவ்வளவு முறிந்தது என்று அதை வைத்தே வரைந்திருக்கிறார்கள்.

பழனி மலையில் அந்த வசதி இல்லை. கொடைக்கானல் தளத்தின்மேலும் திண்டுக்கல் சமவெளியின்மேலும் ஒன்றாகப் பரவிக் கிடந்து, பிறகு விலகிய ஒரு படிவுகூட இல்லை. இரண்டு தளங்களும் ஒன்றாக இருந்தவை என்பதே நிறுவப்படாத நிலையில், இரண்டுக்கும் உள்ள 1,800 மீட்டர் வித்தியாசத்தைப் பிளவின் அளவு என்று சொல்வது நியாயமில்லை.

“மலை இன்றும் வளர்கிறது”

இது முழுப் பொய் இல்லை.

சரக்கை இறக்க இறக்கத் தோணி தண்ணீரில் கொஞ்சம் மேலே எழுவது போல, பாறை அரிக்கப்பட்டுப் பாரம் குறையும்போது பூமியின் மேலோடு மெல்ல எழும். நூறு மீட்டர் பாறை போனால் ஏறக்குறைய எண்பது மீட்டர் எழுச்சியாகத் திரும்பி வரும். அரிப்பு பள்ளத்தாக்குகளிலும் விளிம்புகளிலும் வேகமாகவும் உச்சியில் மெதுவாகவும் நடந்தால், உச்சி கொஞ்சம் உயரக்கூட உயரலாம். பூகம்பமில்லாத, பிளவில்லாத எழுச்சி இது. இமயமலையில் புவித்தட்டுகள் முட்டிக்கொண்டு எழுப்பும் எழுச்சியோடு இதை ஒப்பிடவே கூடாது. பழனி மலையும் அடங்கிய மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய சரிவு பிறந்த கதையோ, இந்தியாவிடமிருந்து மடகாஸ்கர் சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த காலத்தைச் சேர்ந்தது.

எவ்வளவு மெதுவாக இது நடக்கிறது என்பதை இன்று அளக்க முடிகிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் தரையில் உள்ள குவார்ட்ஸ் மணலில் பெரிலியம்-10 என்ற அணுவை உண்டாக்குகின்றன. தரை மெதுவாகத் தேய்ந்தால் மணலில் அது நிறையச் சேரும். வேகமாகத் தேய்ந்தால் குறைவாக இருக்கும். ஃபிரீட்ஹெல்ம் ஃபான் பிளாங்கன்பர்க்கும் சகாக்களும் 2004இல் இலங்கை மலையகத்தின் இயற்கைக் காடுகளில் அளந்தபோது, தேய்வு பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மீட்டர் என்ற அளவில்தான் வந்தது. செங்குத்தான மலை, கொட்டும் மழை. இருந்தும் தேய்வு இவ்வளவு குறைவு. மலை வேகமாக எழும் இடத்தில் ஆறுகள் இப்படி அமைதியாக இருக்காது. தென்னிந்தியச் சரிவுகளில் இதே முறையில் செய்த ஆய்வு, மேட்டுத்தளம் மெதுவாகவும் சரிவு முகம் அதைவிட வேகமாகவும் தேய்வதைக் காட்டியது.

வடக்கே கோவாவில் இன்னொரு சான்று கிடைத்தது. கடலோரத் தாழ்நிலத்தின் மாங்கனீசுக் கனிமங்களின் வயதை ஆர்கான் முறையில் கணித்து 2016இல் பொவே குழுவினர் வெளியிட்டார்கள். அந்தத் தாழ்நிலம் ஏறத்தாழ 4.7 கோடி ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறது. அப்படியென்றால் அதற்குப் பின்னால் நிற்கும் மலைச்சரிவும் அவ்வளவு காலமாகப் பெரிதாக இடம் மாறவில்லை. பழனி மலைக்கு இது நேரடிச் சான்று இல்லை என்றாலும், தீபகற்பத்தின் விளிம்பு எவ்வளவு நிதானமானது என்பதைக் காட்டுகிறது.

நமக்கு இன்னும் பக்கத்தில் அரியலூர் இருக்கிறது. கிரிட்டேசியஸ் காலத்தில் அங்கே கடல் இருந்தது. சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் இன்றும் கிடைக்கின்றன. அந்தக் கடல் அடித்தரை இப்போது கடல் மட்டத்துக்கு மேல் சுமார் நூறு மீட்டருக்குள்தான் இருக்கிறது. அன்றைக்கு உலகக் கடல் மட்டமே இன்றைவிட நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தது என்பதையும் கணக்கில் சேர்த்தால், பல கோடி ஆண்டுகளில் தமிழகத்தின் கிழக்குத் தாழ்நிலம் எழுந்ததாகச் சொல்லவே இடமில்லை.

“அப்படியென்றால் இங்கே பூகம்பமே வராது”

இதையும் நம்ப வேண்டாம். 1900 பிப்ரவரி 8இல் கோயம்புத்தூர் பக்கம் ரிக்டர் 6 அளவை ஒட்டிய பூகம்பம் வந்தது. 2000 டிசம்பரிலும் 2001 ஜனவரியிலும் கேரளத்தின் ஈராற்றுப்பேட்டை அருகே 5 அளவை ஒட்டிய அதிர்வுகள் வந்தன. பழைய பாறை என்பதால் அதில் அழுத்தம் சேராது என்று இல்லை. இந்தியத் தட்டு முழுவதும் இமயத்தில் முட்டி அழுத்தத்தில் இருக்கிறது. பழைய வெடிப்புகள் எப்போதாவது கொஞ்சம் நழுவும். அதற்கும் ஒரு மலை இரண்டாயிரம் மீட்டர் எழுவதற்கும் தொடர்பு இல்லை. வீடு கட்டும்போது நிலநடுக்க விதிகளைக் கடைப்பிடிக்க இந்த அதிர்வுகள் போதுமான காரணம்.

மலையில் தரை வெடித்தால் முதலில் பார்க்க வேண்டியது மண்ணைத்தான். செங்குத்தான சரிவில் ஆழமாக மக்கிய மண், கனமழைக்குப் பின் நீர் ஏறி நகரத் தொடங்கினால் இப்படித்தான் பிளக்கும். அது நிலச்சரிவின் முன்னறிவிப்பாக இருக்கலாம். பூகம்பம் என்று நினைத்துப் பயப்படுவதைவிட, சரிவின் கீழே வீடுகள் இருந்தால் உடனே வருவாய்த் துறைக்குத் தகவல் சொல்வதும், விரிசலுக்குள் மழைநீர் இறங்காமல் திருப்பிவிடுவதும்தான் உயிரைக் காக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். திண்டுக்கல், வேடசந்தூர், நத்தம் பக்கத்துச் சமவெளியில் நிற்கும் சின்னக் கரடுகளும் பாறைக் குன்றுகளும் பழைய நிலம் எந்த உயரத்தில் இருந்தது என்பதற்கு மிஞ்சியிருக்கும் அடையாளங்கள். அவற்றின் உச்சிப் பாறையில் பெரிலியம் அளந்து இந்தச் சமவெளி எவ்வளவு வேகத்தில் தாழ்ந்தது என்று ஆராய முடியும். ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் உடைத்துவிட்டால் அந்தப் பதிவு திரும்பக் கிடைக்காது. உங்கள் ஊர்க் கரட்டுக்குக் குவாரி உரிமம் கேட்டு விண்ணப்பம் வந்தால், கிராம சபையில் நிலத்தடி நீர், தூசு, வெடி பற்றியெல்லாம் கேளுங்கள். அதோடு, நிலவியல் முக்கியத்துவம் உள்ள குன்றா என்று பார்த்துவிட்டுத்தான் உடைக்க வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் எழுத வையுங்கள்.